அலுமாரியில் கிடந்த சிம்: வொய்ஸ் மெயில் வழியாகப் பறிபோன ஒரு கோயில் பொருளாளரின் வாட்ஸ்அப்

மட்டக்களப்பின் எழுவான்கரையில், கல்முனை வீதியை ஒட்டிய ஓர் ஊரில் நடந்தது இது. சம்பந்தப்பட்ட குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊர், கோயில், வங்கி, வெளிநாட்டுத் தொலைபேசி நிறுவனம் எதற்கும் இங்கே பெயர் இல்லை. நான் அயலில் உள்ள பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறவன். ஊரில் யாருடைய போனுக்கு என்ன நடந்தாலும் முதலில் என் வீட்டுக் கேற்றைத்தான் தட்டுவார்கள். அன்றும் அப்படித்தான்.

வாட்ஸ்அப் பறிபோன கதை புதிதல்ல. வழக்கமாக அந்தக் கதையின் நடுவில் யாரோ ஓர் ஓடிபி இலக்கத்தை, அதாவது கணக்கைப் பதிவு செய்ய ஒரு தடவைக்கு மட்டும் வரும் குறியீட்டை, யாருக்கோ சொல்லியிருப்பார்கள். இதில் அப்படி யாரும் சொல்லவில்லை. ஆனால் அதை நம்புவதற்கு எங்களுக்கு ஒரு முழு நாள் தேவைப்பட்டது.

பின்னணி

பெரியவருக்கு வயது 67. ஐரோப்பிய நாடு ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் உணவகச் சமையலறைகளில் வேலை செய்தவர். மனைவி காலமான பிறகு ஊரோடு வந்துவிட்டார். மகள் குடும்பம் இன்னும் அங்கேதான். இங்கே மகனோடும் பேரனோடும் இருக்கிறார்.

ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலுக்கு அவர்தான் பொருளாளர். வைகாசிச் சடங்குக்குக் கதவு திறக்க இன்னும் பதினொரு நாள் இருந்தது. வரியும் நன்கொடையும் சேரும் காலம். கோயிலின் வாட்ஸ்அப் குழுவில் 214 பேர். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிநாட்டில் இருப்பவர்கள். குழுவுக்கு இரண்டு அட்மின் இருந்தார்கள், பெரியவரும் செயலாளரும். செயலாளரின் போன் தொலைந்து அவர் புது இலக்கத்தில் திரும்பி வந்தபோது, அவரை மறுபடி அட்மின் ஆக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஆக, நடப்பில் ஒருவர்தான்.

பெரியவரின் வாட்ஸ்அப் இலக்கம் அந்த ஐரோப்பிய நாட்டு இலக்கம். ஊருக்கு வந்ததும் இலங்கை சிம் ஒன்று எடுத்தார், கோல் கதைக்க. வாட்ஸ்அப்பை மட்டும் மாற்றவில்லை. எல்லாரிடமும் இருப்பது பழைய இலக்கம்தானே, மாற்றினால் இத்தனை பேருக்கும் அறிவிக்க வேண்டுமே என்று விட்டுவிட்டார். ஒரு தடவை பதிவு செய்துவிட்டால் அந்த சிம் போனுக்குள் இல்லாவிட்டாலும் வாட்ஸ்அப் ஓடும். வெளிநாட்டிலிருந்து திரும்பிய பலர் எங்கள் பக்கத்தில் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்த சிம் எங்கே இருந்தது என்பது முக்கியம். மகளின் வீட்டு அலுமாரியில், பற்றரி செத்துப்போன ஒரு பழைய போனுக்குள். அங்குள்ள வங்கி அந்த இலக்கத்துக்குத்தான் செய்தி அனுப்பும் என்பதால், மகள் மாதாமாதம் மிகக் குறைந்த கட்டணம் ஒன்றைக் கட்டி இலக்கத்தை உயிரோடு வைத்திருந்தார். அந்த இலக்கத்துக்கு, எடுக்காத கோலில் அழைப்பவர் பேசுவதைப் பதிந்து வைக்கும் வொய்ஸ் மெயில் பெட்டி ஒன்றும் சேர்ந்தே வந்திருக்கிறது என்பது அப்பனுக்கும் தெரியாது, மகளுக்கும் நினைவில்லை. இங்கே வொய்ஸ் மெயில் கேட்கும் பழக்கம் உள்ள ஒருவரை நான் இதுவரை கண்டதில்லை. அங்கே சிம்மோடு தானாகவே வருவது அது.

இன்னும் இரண்டு விஷயம். வாட்ஸ்அப்பில் இரண்டு கட்டச் சரிபார்ப்பு என்று ஆறு இலக்கப் பின் (இரகசிய இலக்கம்) ஒன்று வைக்கலாம். 2017 இலிருந்து எல்லாருக்கும் கிடைக்கிற வசதி. பேரன் போன வருடமே அதைப் போட்டுத் தரவா என்று கேட்டிருக்கிறான். "இன்னொரு நம்பர நான் எங்க ஞாபகம் வைக்கிற?" என்று சொல்லிவிட்டார். மற்றது, பெரியவர் வாட்ஸ்அப்பில் எழுதவே மாட்டார். எதுவென்றாலும் குரல் பதிவுதான். ஒரு ரசீதுக்குக்கூட "கிடைச்சிட்டு மகன், அம்மாள் காப்பா" என்று நாலு செக்கன் பேசி அனுப்புவார்.

வெள்ளிக்கிழமை காலை

ஐந்து மணிக்கு எழும்பியவர் போனைப் பார்த்தால் வாட்ஸ்அப் வேலை செய்யவில்லை. இலக்கம் வேறொரு போனில் பதிவாகியிருப்பதாக ஏதோ எழுதியிருந்தது. டேட்டா முடிந்துவிட்டது என்று நினைத்துச் சந்திக் கடை திறக்கும்வரை காத்திருந்து 200 ரூபாவுக்கு ரீலோட் போட்டிருக்கிறார்.

இதற்கிடையில் 6.05க்குக் குழுவில் அவர் பெயரில் ஒரு செய்தி விழுந்தது. கோயில் கணக்கில் சிக்கல், சடங்குச் சாமான் எடுக்க அவசரம், கீழே உள்ள கணக்குக்குப் போடுங்கள் என்று. எழுத்தில், நல்ல தமிழில். அதோடு குழுவில் அட்மின் மட்டுமே எழுதலாம் என்று மாற்றிவிட்டார்கள். அதனால் யாருக்காவது சந்தேகம் வந்தாலும் அதைக் குழுவில் சொல்ல வழியில்லை. பிறகு தனித்தனியாகவும் செய்திகள் போயின.

பழைய உரையாடல்கள் பெரியவரின் போனிலேயே இருந்தன. பறித்தவர்களுக்கு அவை கிடைத்திருக்காது. ஆனால் குழுவின் பெயர், விபரம், உறுப்பினர்களின் இலக்கங்கள், இரவில் வந்து சேர்ந்த இரண்டு மூன்று புதுச் செய்திகள் எல்லாம் கையில் இருந்தன. ஒரு கோயிலின் பொருளாளராக நடிக்க அது போதும்.

முதலில் சந்தேகப்பட்டவர் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். கணக்கு இலக்கத்தைப் பார்த்துச் சந்தேகப்படவில்லை. "அண்ணன் எழுதுற ஆளில்லையே" என்று யோசித்திருக்கிறார். 7.10க்குப் பெரியவரின் இலங்கை இலக்கத்துக்குக் கோல் எடுத்துக் கேட்டார். அப்போதுதான் வீட்டுக்கு விஷயமே தெரிந்தது. 7.30க்குப் பேரன் என் வீட்டு வாசலில் நின்றான்.

முதல் இரண்டு மணித்தியாலம்

நான் எடுத்த முதல் முடிவு, கணக்கை மீட்பது. குழு பூட்டிக் கிடக்கிறது, கணக்கைத் திரும்ப எடுத்தால் எல்லாம் ஒரேயடியாக முடியும் என்பது என் எண்ணம். மீட்பதற்கு அந்த சிம்முக்கு வரும் குறியீடு வேண்டும். சிம் மகளிடம். அங்கே நேரம் எங்களைவிட மூன்றரை மணித்தியாலம் பின்னால், விடிகாலை நான்கு மணி. கோல் எடுத்தோம், எடுத்தோம், எடுத்துக்கொண்டே இருந்தோம். 8.45க்குத்தான் விழித்தார். அதன் பிறகு பழைய போனைத் தேடி, சார்ஜர் தேடி, உயிர்ப்பித்து, எஸ்எம்எஸ் வந்து சேர 9.40 ஆகிவிட்டது.

அந்த இடைவெளியில் நான் செய்த இன்னொரு காரியம், பெரியவரை விசாரித்தது. "ஓடிபி யாருக்காவது சொன்னீங்களா மாமா?" மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அவர் இல்லை என்றார்.

"மனே, நான் ஒருத்தருக்கும் ஒரு நம்பரும் சொல்லல்ல. எனக்கு ஒரு கோலும் வரல்ல. கண்ணகியம்மன் மேல சத்தியம்."

நான் நம்பவில்லை. வயதான ஆள், மறந்திருப்பார், அல்லது வெட்கத்தில் மறைக்கிறார் என்று எனக்குள் முடிவு கட்டிவிட்டேன். வீட்டாரின் சந்தேகம் பேரன் பக்கம் திரும்பியது. போனைச் செட் பண்ணிக் கொடுத்தவன் அவன்தானே, அவன் கூட்டாளிமார் யாரோ பார்த்திருப்பார்கள் என்று தகப்பன் ஏசினார். உயர்தரம் படிக்கிற பையன். அன்று பகல் அவன் சாப்பிடவில்லை.

பணம் போன நேரங்களைப் பின்னர் ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதினேன். 6.40க்கு 40,000 ரூபா. 7.55க்கு 25,000. 8.20க்கு 15,000. 9.05க்கு 50,000. ஐந்தாவது ஒருவர் 30,000 அனுப்ப முயன்று, கணக்கு இலக்கத்தில் ஒன்றைப் பிழையாக அடித்ததால் தப்பினார். கண்ணாடி போடாமல் அடித்தாராம். மொத்தம் போனது 130,000 ரூபா. அதில் 90,000 ரூபா நான் விஷயத்தைக் கையில் எடுத்த பிறகு போனது. இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். வேறு மாதிரி வாசிக்க வழியில்லை.

ஒலிபெருக்கி

9.40க்கு மகள் குறியீட்டைச் சொன்னார், போட்டோம். உடனே ஆறு இலக்கப் பின் கேட்டது. நாங்கள் வைக்காத பின். பறித்தவர்கள் உள்ளே போனதும் இரண்டு கட்டச் சரிபார்ப்பைத் தாங்களே போட்டுவிட்டிருந்தார்கள். பின் தெரியாவிட்டால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். ஒரு நல்ல செய்தியும் உண்டு. எஸ்எம்எஸ் குறியீட்டைச் சரியாகப் போட்ட கணத்திலேயே, பின் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், மற்றப் போனில் இருப்பவர் வெளியே போய்விடுவார். அதாவது, எங்களாலும் உள்ளே போக முடியாது, அவர்களும் உள்ளே இல்லை.

அப்போதுதான் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "சனத்துக்குச் சொல்லியாச்சா?" சொல்லவில்லை. அவர் நேரே கோயிலுக்குப் போய் ஒலிபெருக்கியைப் போட்டார். பொருளாளரின் பெயரில் வாட்ஸ்அப்பில் பணம் கேட்டால் அனுப்ப வேண்டாம், அது அவர் இல்லை என்று பத்து மணியிலிருந்து அரை மணிக்கு ஒரு தடவை அறிவிப்பு. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லக் குடும்பத்துக்கு ஒருவர் என்று பிரித்து, இங்கிருந்து நேரடிக் கோல். பன்னிரண்டு மணிக்குள் குழுவில் இருந்த பெரும்பாலானோருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இத்தனை வருடம் கணனி படிப்பித்த நான் இரண்டு மணித்தியாலத்தில் செய்யாததை ஒரு கூம்பு ஒலிபெருக்கி பத்து நிமிடத்தில் செய்தது.

பின்னேரம் மறுபடியும்

எல்லாம் அடங்கியது என்று நினைத்தோம். மகள் பழைய போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வேலைக்குப் போனார். பின்னேரம் 5.10க்கு மறுபடியும் பெரியவரின் பெயரில் செய்திகள். இந்தத் தடவை ஒருவரும் பணம் அனுப்பவில்லை. சிலர் திட்டிப் பதில் எழுதினார்கள்.

எனக்கு இது இடித்தது. காலையில் கேட்ட கேள்வியே பிழை என்று அப்போதுதான் உறைத்தது. பெரியவர் காலையிலிருந்து எங்கள் கண் முன்னால் இருக்கிறார். அவருக்கு எந்தக் கோலும் வரவில்லை. பேரன் அறைக்குள் படுத்துக் கிடக்கிறான். சிம் ஐரோப்பாவில் ஒரு வீட்டு மேசையில். புதுக் குறியீடு எவரது கண்ணிலும் படாமல் யாருக்கோ போயிருக்கிறது. அப்படியானால் அது வேறெங்கோ போய் விழுகிறது.

இரவு ஒன்பது மணிக்கு, அங்கே மாலை ஐந்தரை, மகள் வீடு திரும்பினார். பழைய போனில் எஸ்எம்எஸ் குறியீடு ஒன்று வந்து கிடந்தது. அதற்குக் கீழே அறியாத இலக்கத்திலிருந்து இரண்டு மிஸ்ட் கோல், இரண்டும் எங்கள் நேரம் 4.50ஐ ஒட்டி. எஸ்எம்எஸ் வராவிட்டால் கோலில் குறியீட்டைச் சொல்லும் வசதி வாட்ஸ்அப்பில் உண்டு என்பது எனக்குத் தெரியும். எடுக்காத கோல் எங்கே போகும்? "அக்கா, இந்த நம்பருக்கு வொய்ஸ் மெயில் இருக்கா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இருக்கும் தம்பி. நான் கேட்டதே இல்ல" என்றார்.

பெட்டிக்குள் இருந்தவை

மகள் அந்தப் போனிலிருந்தே பெட்டிக்கு அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு எங்களுக்குக் கேட்க வைத்தார். புதிய செய்தி எதுவும் இல்லை என்றது இயந்திரக் குரல். சேமித்த செய்திகள் ஐந்து என்றது.

இந்த இடத்தில்தான் விஷயம் வெளித்தது. புதியது இல்லை, சேமித்தது ஐந்து என்றால், யாரோ அவற்றை ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். வீட்டில் எவரும் கேட்கவில்லை.

இரண்டு, பழைய வங்கி அழைப்புகள். மற்ற மூன்றும் இயந்திரக் குரலில் ஆறு இலக்கங்கள், ஒவ்வொன்றாக, திரும்பத் திரும்ப. முதலாவதின் நேரம் வியாழன் இரவு 9.14, எங்களுக்கு வெள்ளி அதிகாலை 12.44. மற்ற இரண்டும் வெள்ளி மதியம் 1.20ஐ ஒட்டி, எங்களுக்கு 4.50. மிஸ்ட் கோல் நேரத்தோடு அப்படியே பொருந்தியது.

அடுத்து ஒன்றைச் சோதித்தோம். இலக்கம் பெரியவருடையது, கட்டணம் கட்டுவது மகள், இருவரும் சரி என்றார்கள். அதைக் கேட்டுக்கொண்டுதான் தொடங்கினேன். ஏனென்றால் அடுத்தவரின் பெட்டியை இப்படித் திறந்து பார்ப்பது, உள்ளே ஒன்றும் எடுக்காவிட்டாலும், குற்றம்தான். மகள் தன் சொந்தப் போனிலிருந்து தகப்பனின் இலக்கத்துக்கு அழைத்து, பழைய போனை எடுக்காமல் விட்டு, வரவேற்புக் குரல் பேசும்போது நட்சத்திரக் குறியை அழுத்தினார். பின் இலக்கம் கேட்டது. நான்கு பூச்சியம் அடித்தார். திறந்தது.

பெரியவர் அருகில் கதிரையில் இருந்தார். ஒன்றும் பேசவில்லை. எழும்பிப் போய்ப் பேரனின் அறைக் கதவைத் தட்டினார்.

இது நடக்கும் விதம்

ஓர் இலக்கத்துக்கு வரும் கோல் மூன்று நிலைகளில் வேறிடம் போகலாம்: போன் தொடர்பில் இல்லாதபோது, அடித்தும் எடுக்காதபோது, வேறு கோலில் இருக்கும்போது. வொய்ஸ் மெயில் உள்ள இலக்கத்தில் இந்த மூன்றும் பெட்டிக்குத் திருப்பப்பட்டிருக்கும். பற்றரி செத்த போனுக்கு வரும் எல்லாக் கோலும் நேரே பெட்டிக்குள்தான். குறியீடு சொல்லும் இயந்திரத்துக்கு எதிரில் இருப்பது மனிதனா பெட்டியா என்று தெரியாது. எடுத்தாயிற்று என்று நினைத்து இலக்கங்களை வாசித்துவிட்டுப் போய்விடும்.

அந்தப் பெட்டியோ போனுக்குள் இல்லை. தொலைபேசி நிறுவனத்தின் இயந்திரத்தில் இருக்கிறது. எந்தப் போனிலிருந்தும் அழைத்து, பின் இலக்கத்தை அடித்துக் கேட்கலாம். சொந்தப் போனிலிருந்து அழைத்தால் பல இடங்களில் பின் இலக்கமே கேட்பதில்லை, அழைக்கும் இலக்கத்தைப் பார்த்தே திறந்துவிடும். ஆகவே அழைக்கும் இலக்கத்தைப் போலியாகக் காட்டத் தெரிந்தவனுக்கு அந்த நான்கு பூச்சியமும் தேவையில்லை.

இந்த ஓட்டை பழையது. லண்டனில் 168 வருடம் வெளிவந்த நியூஸ் ஒஃப் த வேர்ல்ட் பத்திரிகை 2011 ஜூலையில் மூடப்பட்டதற்குக் காரணம், அதன் ஆட்கள் மற்றவர்களின் வொய்ஸ் மெயிலை ஒட்டுக்கேட்டது அம்பலமானதுதான். அங்கே தேடியது செய்தி. வாட்ஸ்அப் போன்றவை குறியீட்டைக் கோலில் சொல்லத் தொடங்கிய பிறகு அதே பெட்டியில் சாவி வந்து விழத் தொடங்கியது. 2018 ஓகஸ்டில் லாஸ் வேகஸில் நடந்த டெஃப்கொன் என்ற ஹக்கர் மாநாட்டில் மார்ட்டின் விகோ என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இதைச் செய்தே காட்டினார். சில சேவைகள், கேட்பது மனிதன்தான் என்று உறுதிப்படுத்த ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லும். அவர் அந்தப் பொத்தானின் ஒலியையே பெட்டியின் வரவேற்புக் குரலாகப் பதிந்து வைத்து அதையும் ஏமாற்றினார். அதே வருடம் ஒக்டோபரில் இஸ்ரேலின் அரச இணையப் பாதுகாப்பு அமைப்பு இதே வழியில் வாட்ஸ்அப் கணக்குகள் பறிபோவதாக எச்சரித்தது. இதையெல்லாம் எப்போதோ வாசித்தவன்தான் நான். எங்கள் ஊரில் யாரிடமும் வொய்ஸ் மெயில் இல்லையே என்று ஒதுக்கிவிட்டேன். ஊரில் இல்லைதான், ஊராரின் பழைய இலக்கங்களில் இருக்கிறது.

அன்றிரவு எடுத்த முடிவுகள்

முதலில் எதையும் அழிக்கவில்லை. பெட்டியில் உள்ள செய்திகள் சில நாளில் தானாகவே அழிந்துவிடும். அதனால் ஐந்தையும், நேரம் சொல்லும் குரலோடு சேர்த்து, மகள் இன்னொரு போனில் பதிவு செய்தார். மிஸ்ட் கோல் பட்டியலையும் படம் எடுத்தார். பறித்தவர்கள் அவற்றை அழிக்காமல் விட்டது அவர்களின் கவனக்குறைவு. எங்களுக்கு வேறு சான்று இல்லை.

அதற்குப் பிறகு பெட்டியின் பின்னை மாற்றினோம். பிறகு *#62#, *#61#, *#67# மூன்றையும் பழைய போனில் அடித்துப் பார்த்தோம். தொடர்பில் இல்லாதபோது, எடுக்காதபோது, வேறு கோலில் இருக்கும்போது கோல் எங்கே போகிறது என்று காட்டும் குறியீடுகள் இவை. மூன்றும் ஒரே பெட்டி இலக்கத்தைக் காட்டின. ##002# அடித்து எல்லாத் திருப்பலையும் நீக்கினோம். மகள் அடுத்த நாள் நிறுவனத்துக்குக் கோல் எடுத்துப் பெட்டியையே நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார்கள்.

இதையெல்லாம் முடித்த பிறகுதான் புது எஸ்எம்எஸ் குறியீடு கேட்டு அவர்களை மறுபடி வெளியேற்றினோம். காலையில் இதைத் தலைகீழாகச் செய்திருந்தோம்: ஆளை வெளியே தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தே வைத்திருந்தோம்.

இலங்கை இலக்கத்துக்கு இப்போதே மாறிவிடலாமா என்று மகன் கேட்டார். வேண்டாம் என்றேன். புது இலக்கத்திலிருந்து "நான்தான் பொருளாளர்" என்று செய்தி போனால், அன்றைய நிலையில் அதையும் ஒருவரும் நம்பமாட்டார்கள். சடங்கு முடியட்டும் என்று விட்டோம்.

பணம், பொலிஸ், ஏழு நாள்

பணம் அனுப்பியவர்களை வெள்ளி பகலே அவரவர் வங்கிக்குப் போகச் சொன்னோம். வங்கிகளுக்கிடையில் உடனடியாகப் பணம் மாற்றும் சீஃப்ட்ஸ் முறை வழியாகப் போகும் பணம் நொடிகளில் மற்றக் கணக்கில் விழுந்துவிடும், திருப்பி இழுக்க முடியாது. பணம் போன கணக்கை முடக்கக் கேட்கலாம். முடக்கினார்கள். அதற்குள் உள்ளே 11,000 ரூபாவும் சில்லறையும்தான் மிச்சம். கணக்கு வேறு மாவட்டத்து இளைஞர் ஒருவரின் பெயரில் இருந்தது. கமிஷனுக்காகத் தன் கணக்கை யாருக்கோ பாவிக்கக் கொடுத்ததாகப் பொலிஸாரிடம் சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமை பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்தோம். இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்துக்கும் அறிவித்தோம். முறைப்பாட்டில் பண மோசடியோடு நிற்காமல், 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணனிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் அனுமதியற்ற அணுகலையும் சேர்த்து எழுதினோம். அந்தச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு அனுமதியில்லாத அணுகலைத் தனிக் குற்றமாகவே சொல்கிறது. மகள் அங்குள்ள பொலிஸில் தனியாக முறைப்பாடு கொடுத்தார். பெட்டி அந்த நாட்டில் இருக்கிறது, அதைத் திறந்தவரின் அழைப்புப் பதிவும் அந்த நாட்டில்தான். இங்கே உள்ளவர்களால் அதை எடுக்க முடியாது. இதை எழுதும்வரை பணம் திரும்பவில்லை.

கோயில் நிர்வாகத்துக்குத்தான் பெரிய தலைவலி. பணம் இழந்த நான்கு பேரில் மூன்று பேர் அதைக் கோயில் வரியாக அனுப்பியிருந்தார்கள். அவர்கள் வரி கட்டியவர்களா, கட்டாதவர்களா? இரண்டு கூட்டம் நடந்தது. பெரியவர் தன் கையால் முழுவதையும் கட்டுகிறேன் என்றார். வண்ணக்கர் மறுத்தார். கடைசியில் மூன்று பேரின் பெயரும், நடந்ததை ஒரு வரியில் குறித்து, வரி கட்டியவர் பட்டியலில் ஏறியது. 15,000 அனுப்பியவர் தனியாகப் பாய் இழைத்துப் பிழைக்கும் ஒரு பெண். அவருடைய பணத்தைப் பெரியவர் யாருக்கும் சொல்லாமல் கொண்டுபோய்க் கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதல் பத்து நிமிடம் மீட்புக்கு அல்ல, அறிவிப்புக்கு. இதில் எனக்கு இனிச் சந்தேகமே இல்லை. கோல், ஒலிபெருக்கி, பள்ளிவாசல், கடைச் சந்தி, எது கிடைக்கிறதோ அது. கணக்கு ஒரு மணித்தியாலம் பிந்திக் கிடைத்தால் ஒன்றும் குடிமுழுகாது.

இரண்டாவது, ஆளை விசாரிக்கும் முறை. "யாருக்குச் சொன்னீர்கள்?" என்று கேட்டால் பதில் ஒரு குற்றவாளியில்தான் முடியும். குறியீடு எந்தெந்த வழியால் வரலாம், ஒவ்வொரு வழியும் எங்கே போய் முடிகிறது என்று கேட்டிருந்தால் காலை எட்டு மணிக்கே பெட்டிக்கு வந்திருப்போம். பெரியவரின் போனில் வியாழன் நள்ளிரவு, பதிவுக் குறியீடு கேட்கப்பட்டதாக ஓர் அறிவிப்பும் கிடந்தது. அவர் அதைத் தள்ளிவிட்டார். நானும் அதைத் தேடிப் பார்க்கவில்லை, ஏனென்றால் எனக்குப் பதில் முன்கூட்டியே தெரியும் என்று நினைத்தேன்.

இரண்டு கட்டச் சரிபார்ப்பு இருந்திருந்தால் பெட்டியைத் திறந்தும் அவர்களால் உள்ளே போயிருக்க முடியாது. இப்போது போட்டிருக்கிறோம். அந்தப் பின் இலக்கம் பேரனுக்குத் தெரியாது, மகனுக்கும் தெரியாது. பெரியவர் தான் மறக்க முடியாத ஒரு நாளை இலக்கமாக்கி வைத்திருக்கிறார், எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. மீட்புக்கு மகளின் மின்னஞ்சலைக் கொடுத்திருக்கிறோம். குழுவில் இப்போது நான்கு அட்மின்.

குழுவில் வெளிநாட்டு இலக்கத்தோடு ஊரில் இருப்பவர்களை எண்ணினோம். பதினாறு பேர். சடங்குக்கு முந்திய ஞாயிறு கோயில் மண்டபத்தில் ஒவ்வொருவரின் சிம்மும் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஐந்து பேரிடம் கையில் இருந்தது. எட்டு பேரின் சிம் வெளிநாட்டில் உறவினர் வீட்டில். மூன்று பேருக்குத் தெரியவே தெரியாது. அந்த மூவரையும் அன்றே இலங்கை இலக்கத்துக்கு மாற்றினோம். பாவிக்காத இலக்கத்தை நிறுவனம் சில மாதத்தில் இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம், அது வேறொரு கதை. மற்றவர்களுக்கு *#62# அடித்துப் பார்க்கும் வேலையைப் பேரன் செய்தான். கூடவே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னான்: யாராவது கோல் எடுத்து இரண்டு நட்சத்திரத்தோடு 21 என்று தொடங்கும் ஒன்றை அடிக்கச் சொன்னால் அடிக்க ஒண்ணா. அது உங்கள் கோல்களை அவர்களுக்குத் திருப்பிவிடும் குறியீடு.

ஏழு நாள் என்றது வெள்ளி இரவு முடிந்தது. சனிக்கிழமை காலை கணக்குத் திறந்தது. பெரியவர் குழுவை எல்லாருக்கும் திறந்துவிட்டு, பதினொரு செக்கனுக்கு ஒரு குரல் பதிவு போட்டார். வந்திட்டேன், வரி கட்டாத ஆக்கள் கோயிலுக்கு நேரே வந்து ரசீது எடுங்கோ, மறுகா கதைப்பம் என்று. முதல் பதில் அந்த ஓய்வு பெற்ற ஆசிரியையிடமிருந்து வந்தது. இப்பதான் அண்ணன் மாதிரி இருக்கு என்று எழுதியிருந்தார்.